செல்வத்துக்கு, கொங்ஸ்ஃபியோர்டு விஷயமாக

அன்புள்ள செல்வம்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் தேவலை. மாலதி அந்தக் குடையை இன்னும் கேட்கிறாள்.

ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகிறாய் என்றதும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துப் பகீரென்றது. கடலடிச் சேற்று மாதிரி எடுக்கும் இடமெல்லாம் ஃபியோர்டின், அதாவது அந்த நீண்ட கடற்கழியின், வாய்ப்பக்கம்! பனியாற்றுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. விஷயமே அங்கேதானடா.

அங்குள்ள குரோனெபிரீன் கடலுக்குள் காலூன்றி நிற்கும் பனியாறு. கோடையில் உருகுநீர் அதன் அடியிலிருந்து, ஆழத்திலேயே வெளிவருகிறது. நன்னீர் லேசு இல்லையா, பனிச்சுவரை ஒட்டி மேலே ஏறும்; ஏறும்போது ஆழத்து உப்புநீரையும் அதிலுள்ள நைட்ரேட் சத்தையும் நீரில் மிதக்கும் சிறு விலங்குகளையும் சேர்த்து இழுத்து வரும். கிட்டிவேக் பறவைகள் அந்தப் பழுப்பு நீரில் மொய்ப்பது இதற்காகத்தான். கலங்கலில் வெளிச்சம் போதாது, அதனால் பாசி செழிப்பது சற்றுத் தள்ளி. பனியாறு பின்வாங்கித் தரையேறிவிட்டால் உருகுநீர் ஓடையாக வந்து மேலாகப் பரவும். வண்டல் வரும், ஆழத்துச் சத்து வராது. 'பனி உருக உருக விளைச்சல் கூடும்' என்று எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து அந்த வரியை அடி.

கடலின் அடித்தரையிலும் இதே கதை. வண்டல் கொட்டும் இடத்தில் நீரை வடிகட்டித் தின்னும் உயிர்களுக்கு மூச்சு முட்டும். சேற்றைத் தின்னும் சிறு புழுவும் சிப்பியும்தான் தாக்குப்பிடிக்கும். அண்டார்க்டிகாவின் பாட்டர் கோவ் என்ற சிறு விரிகுடாவில் 1994-க்கும் 2010-க்கும் இடையில் கடற்பீச்சிகள் என்ற வடிகட்டி உயிர்கள் அப்படித்தான் அருகிப்போயின. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே உள்ளிருந்து வெளியே ஒரே கோட்டில் ஐந்து இடம் வை. முதல் இடம் பனிப்பாளம் உடைந்து விழும் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 0.1 சதுர மீட்டர் சேற்றை அள்ளும் தாடைக் கருவியை (கிராப்) மூன்று முறை இறக்கு. பனி உதிர்த்த கல் தாடையில் மாட்டினால் சேறு ஒழுகிவிடும். வாய் மூடாமல் வந்ததைக் கணக்கில் சேர்க்காதே, மறுபடி இறக்கு. சேற்றை அலசும் 0.5 மில்லிமீட்டர் சல்லடையைக் களிமண் அடைக்கும். அவசரப்பட்டுக் குழாயைப் பீய்ச்சினால் புழு துண்டுதுண்டாகும். கடல்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி மெல்ல ஆட்டு. 2014-ல் நம் இந்திய விஞ்ஞானிகள் அங்கே இறக்கிய இண்டார்க் என்ற அளவீட்டு மிதவையின் வெப்ப, உப்புப் பதிவையும் கேட்டு வாங்கு. குளிர்காலத்தில் அட்லாண்டிக் நீர் எவ்வளவு நுழைந்தது என்று தெரியாமல் கோடை மாதிரியைப் படிக்க முடியாது.

திருத்திய வரைபடத்தை வெள்ளிக்குள் அனுப்பு. குடையையும்.

உன்,
ரகு