ஞாயிறு வாசிப்பு: ஓ. ஹென்றி

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஓ. ஹென்றியின் கதை ஒன்றைப் பேசுகிறோம். டெல்லா, ஜிம் தம்பதியின் கிறிஸ்துமஸ் கதையான 'The Gift of the Magi', 1905இல் வந்தது.

ஓ. ஹென்றியின் இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். ஆஸ்டினில் வங்கி வேலை பார்த்தபோது கையாடல் செய்ததாகப் பின்னர் வழக்கு வந்தது. ஹோண்டுராஸுக்குத் தப்பினார். மனைவி அத்தோல் சாகும் தறுவாயில் இருப்பது தெரிந்ததும் 1897இல் தானே திரும்பி வந்தார். அந்த இடம் என்னை இன்னும் உலுக்குகிறது. அப்புறம் ஓஹையோ சிறையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல். இரவில் மருந்தாளர் வேலை, இடையிடையே கதை. சின்ன மகள் மார்கரெட்டிடம் சிறை விஷயத்தைச் சொல்லவே இல்லை.

எனக்கு அவர் கதைகளின் கடைசித் திருப்பத்தைவிட, குறைந்த கூலியில் நாளைத் தள்ளும் நியூயார்க் கடைப்பெண்கள் மீது அவருக்கிருந்த பரிவுதான் பெரிது.

முதல்முறை படிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து முடிவை ஞாயிறு வரை இங்கே போட வேண்டாம்.