உடுவில் பிள்ளைகளுக்கும் ரீச்சர்மாருக்கும் ஒரு அம்மான்ர நன்றி

உடுவில் மகளிர் கல்லூரி ரீச்சர்மாருக்கு, ஒபிஸில இருக்கிற தங்கச்சிக்கு, கேற்றடியில நிக்கிற ஐயாவுக்கு, முக்கியமா 2022இல ஒன்பதாம் வகுப்பில இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம்.

இதை எப்பவோ எழுதியிருக்கோணும். எழுத வெளிக்கிட்டால் அழுகைதான் வரும், அப்பிடியே மூடி வச்சிடுவன். இப்ப மகளின்ர ஓ.எல் (பதினோராம் வகுப்புச் சோதனை) ரிசல்ட் வந்து அவள் ஏ.எல் வகுப்பிலயும் போய் இருந்திட்டாள், இனியும் எழுதாட்டி அது நன்றிகெட்ட வேலை. ஒருதற்ற பேரும் போடேல்ல, எல்லாம் சின்னப் பிள்ளைகள், தாய் தகப்பனைக் கேக்காமல் பேர் போடுறது சரியில்லை. வாசிக்கேக்க ஆர் ஆர் எண்டு உங்களுக்கே விளங்கும்.

2022 தொடக்கத்தில என்ர மனுசன் ஹார்ட் அற்றாக்கில போயிட்டார். நாங்கள் இருந்தது கொழும்பில வெள்ளவத்தையில வாடகை வீட்டில, மகள் படிச்சது இன்ரநஷனல் ஸ்கூல், ஒண்டாம் வகுப்பில இருந்து எல்லாம் இங்கிலிஷ்தான். அவற்ற சம்பளம் நிண்டாப் பிறகு வாடகையும் குடுத்து ஸ்கூல் பீஸும் கட்ட என்னால ஏலாது. அந்த வருசம் நாடு கிடந்த கிடை உங்களுக்குத் தெரியும்தானே, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் எப்ப வரும் எப்ப போகும் எண்டு தெரியாது, ஒரு கொப்பி வாங்கப் போனாலே விலையைக் கேட்டுத் தலை சுத்தும். தளபாடம் எல்லாத்தையும் வந்த விலைக்குக் குடுத்துப்போட்டு ஆடி மாசம் யாழ்ப்பாணத்துக்கு, உடுவில்ல இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்து சேந்தம்.

முதல் கேட்டுப் போனது வேறயொரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். நான் படிச்சது மருதனார்மடம் ராமநாதன் கல்லூரியில, அது இல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடுறன், 1913இல சேர் பொன்னம்பலம் இராமநாதன் எங்கட சைவப் பிள்ளைகளுக்கெண்டு கட்டின பள்ளிக்கூடம் அது, அதில எனக்கு எப்பவும் பெருமைதான். மற்றப் பள்ளிக்கூடத்தில ஒரு தாளைக் குடுத்து தமிழில ரெண்டு பந்தி எழுதச் சொல்லிச்சினம். பிள்ளை வீட்டில நல்லாக் கதைப்பாள், ஆனா எழுத வராது, நாலு வரி எழுதவே அரை மணித்தியாலம் போச்சு. அதை வாங்கிப் பாத்திட்டு "வருசம் நடுவில வேற வந்து நிக்கிறியள், இந்தத் தமிழோட எப்பிடியம்மா ஓ.எல் எடுக்கிறது" எண்டு அவளுக்கு முன்னாலயே கேட்டிச்சினம். பஸ்ஸில வரேக்க ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. மூண்டு நாள் வீட்டை விட்டு வெளிய வரேல்ல.

மச்சாள்தான் "உடுவிலுக்குப் போய்ப் பாருங்கோவன், நடந்து போற தூரம்தானே" எண்டு சொன்னவ. எனக்குப் பயம். தனியார் பள்ளிக்கூடம், எவ்வளவு காசு கேப்பினமோ எண்டு ஒரு பயம், சொந்தக்காரர் "சைவப் பிள்ளையை வேதப் பள்ளிக்கூடத்தில விடப் போறியோ" எண்டு கேட்ட கேள்வி இன்னொரு பயம், வேதம் எண்டால் எங்கட ஊரில கிறிஸ்தவம். ரெண்டும் வீண் பயம் எண்டு அண்டைக்கு ஒபிஸில இருந்த பத்து நிமிசத்திலேயே தெரிஞ்சுபோச்சு. காசைப் பற்றிக் கதைக்க முதல் பிள்ளை காலமை சாப்பிட்டவளோ எண்டு கேட்டவை.

அந்த வகுப்பு மிஸ்ஸுக்கு நான் என்னெண்டு நன்றி சொல்லுறது. அவ தாள் ஒண்டும் குடுக்கேல்ல. கடைசியா வாசிச்ச புத்தகத்தின்ர கதையைச் சொல்லச் சொன்னவ, மகள் இங்கிலிஷில சொல்ல முழுக்கக் கேட்டுப்போட்டு "இப்ப அதையே தமிழில சொல்லு பாப்பம்" எண்டவ. அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடிச்சாள். மிஸ் என்னைப் பாத்து, "கதைக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு எழுத வரும், அது எங்கட வேலை" எண்டு சொன்னவ. அவ்வளவுதான். பிறகு வகுப்பில இருந்து ரெண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவள் பாவம் தகப்பன் இல்லாத பிள்ளை பாத்துக்கொள்ளுங்கோ எண்டெல்லாம் சொல்லேல்ல, "கன்ரீன் எங்க இருக்கெண்டும் ரொய்லற் எங்க இருக்கெண்டும் காட்டுங்கோ" எண்டு மட்டும் சொல்லி அனுப்பினவ. புதுசா வந்த பிள்ளைக்கு முதல் நாள் உண்மையிலேயே தெரியோணுமெண்டால் அந்த ரெண்டு இடமும்தான். பின்னேரம் வீட்ட வந்தவள் ஒரு மணித்தியாலம் வாயே மூடாமல் கதைச்சாள். ஆறு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டனான்.

இப்ப அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்லோணும்.

பாடம் மகளுக்குத் தெரியாததில்லை, பேர்தான் தெரியாது. செடி வெயிலில சாப்பாடு செய்யுறதைப் பற்றி இங்கிலிஷில ரெண்டு பக்கம் எழுதுவாள், ஆனா அதுக்குத் தமிழில ஒளித்தொகுப்பு எண்டு பேர் எண்டு தெரியாது. கலம், அமுக்கம், அடர்த்தி, ஒட்சிசன், அட்சரகணிதம், கேத்திரகணிதம், எல்லாம் அவளுக்குப் புதுப் பாசை மாதிரித்தான் இருந்தது. இதைப் பாத்துப்போட்டு இணுவில்ல இருந்து வாற ஒரு பிள்ளை, தான் பாதி எழுதின சீஆர் கொப்பி ஒண்டின்ர மிச்சப் பக்கங்களுக்கு ரூல் போட்டு, இடப்பக்கம் இங்கிலிஷ் வலப்பக்கம் தமிழ் எண்டு எழுதத் தொடங்கியிருக்கிறாள். கொப்பி நெருப்பு விலைக்கு வித்த காலத்தில. விஞ்ஞானம் அவள் எழுதினாள், கணிதம் இன்னொருத்தி, வரலாற்றுச் சொல்லுகள் போர்டிங்கில நிக்கிற ஒரு பிள்ளை இரவில இருந்து எழுதினவளாம். நாலு விதமான கையெழுத்து அதில. கேத்திரகணிதம் எண்ட சொல்லுக்குப் பக்கத்தில ஒரு சின்ன முக்கோணம் கீறி, அதுக்குக் கண்ணும் வாயும் வச்சிருக்கு. அந்தக் கொப்பியை நான் எத்தினை தரம் எடுத்துப் பாத்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது.

தமிழ் ரீச்சர் செய்ததை நான் கனகாலத்துக்குப் பிறகுதான் அறிஞ்சனான். பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு கிழமைக்கு மூண்டு நாள் மகளை மறிச்சு வச்சு உதயன் பேப்பர் வாசிக்கக் குடுப்பா, முதல் தலைப்பு மட்டும், பிறகு முழுச் செய்தி. காசு ஒரு சதம் வாங்கேல்ல. எங்கட பேப்பரில மரண அறிவித்தல் எவ்வளவு வரும் எண்டு உங்களுக்குத் தெரியும், அன்னாரின் பாசமிகு மகள் எண்டு பேர்கள் வரிசையா வரும். அந்தப் பக்கங்களை எடுத்துப்போட்டுத்தான் ரீச்சர் பேப்பரைக் கையில குடுத்திருக்கிறா, ஒவ்வொரு நாளும், ஒரு வருசமா. மகளுக்கே அது தெரியாது. பிறகொரு நாள் வீட்டில முழுப் பேப்பரையும் விரிச்சு வச்சுக்கொண்டு, "அம்மா, ரீச்சர் தாற பேப்பரில இந்தப் பக்கம் இருக்கிறேல்லை" எண்டு சொன்னாள். சொல்லிப்போட்டு அவளும் பேசாமல் இருந்தாள், நானும் பேசாமல் இருந்தன். ரீச்சர், நீங்கள் இதை ஒருதருக்கும் சொல்லாமல் செய்தனீங்கள், நான் இப்பிடிப் பப்ளிக்கா எழுதுறதுக்குக் குறை நினைக்காதேங்கோ.

சைவம் வேதம் எண்டு பயந்தவைக்கும் ஒண்டு சொல்லோணும். மகள் திருநீறு பூசிக்கொண்டுதான் போறவள், ஒருதரும் ஒரு கேள்வி கேக்கேல்ல. காலமை ஜெபத்தில அப்பாவை இழந்த பிள்ளைகளுக்காக எண்டு பொதுவா ஒரு வார்த்தை சேத்துச் சொன்னவையாம், பேர் சொல்லேல்ல, இவளைத் திரும்பிப் பாக்கவும் இல்லை. "எனக்காகத்தான் சொல்லுகினம் எண்டு எனக்குத் தெரிஞ்சது, ஆனா வெக்கமா இருக்கேல்ல" எண்டு மகள் சொன்னவள்.

அடுத்த வருசம் அவற்ற ஆட்டைத் திவசம், முதல் வருச நினைவு நாள், வந்தது. பெரிசா ஒருதருக்கும் சொல்லேல்ல, சொந்தத்துக்கு மட்டும்தான். பன்னிரண்டு மணிபோல ஒழுங்கையில சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தால், வேலியோட வரிசையா பதினாலு சைக்கிள், பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டையோட, ஒரு பிள்ளையின்ர கரியரில கதலி வாழைக்குலை ஒண்டு கட்டியிருக்கு, தோட்டத்தில அப்பா வெட்டித் தந்தவர் எண்டாள். படத்துக்கு முன்னால ஒவ்வொருத்தியா வந்து கும்பிட்டாங்கள், வேதப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவை. பந்தியில இருந்து வடிவாச் சாப்பிட்டாப் பிறகு நான் வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்காமல் கிணத்தடிக்குப் போய் சட்டி பானை முழுக்கக் கழுவி வச்சிட்டுத்தான் வெளிக்கிட்டவை. எங்கட அம்மா திண்ணையில இருந்து பாத்துக்கொண்டிருந்திட்டு, "மாப்பிள்ளை குடுத்து வச்சவர்" எண்டு சொன்னா.

இந்தக் குணம் ஒரு நாளில வந்ததில்லை எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. 1824இல அமெரிக்க மிஷன் அம்மா ஹரியற் வின்ஸ்லோ தொடங்கின பள்ளிக்கூடம் அது, பெட்டையளுக்கு எழுத்து எதுக்கு எண்டு ஊரே கேட்ட காலம். முதல் பிள்ளைகள் எப்பிடி வந்தவை எண்டதுக்கு வழிவழியா ஒரு கதை சொல்லுவினம், ரெண்டு சின்னப் பிள்ளைகள் விடாமல் பெய்த மழைக்கு அந்த அம்மா வீட்டில ஒதுங்கினவையாம், இரவு வீட்ட போக ஏலாமல் பசியோட நிண்ட பிள்ளைக்கு அவ சாப்பாடு குடுத்தவவாம், அதில இருந்துதான் எல்லாம் தொடங்கினது எண்டு. பிறகு எலைசா அக்னியூ எண்டொருவ 1840இல வந்தவ, 1883இல கண் மூடும் வரைக்கும் தன்ர ஊருக்குத் திரும்பிப் போகேல்ல, ஆயிரம் பெண்பிள்ளைகளின்ர தாய் எண்டுதான் அவவைச் சொல்லுறது. 1960களின்ர தொடக்கத்தில அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கேக்கயும் இது தனியாராவே நிண்டது, சண்டை, இடப்பெயர்வு எல்லாத்தையும் கண்டது. 2024இல இருநூறு வருசம் முடிஞ்சுது. எனக்கு அந்த இருநூறு வருசத்தில மனசில நிக்கிறது மழைக்கு ஒதுங்கின அந்த ரெண்டு பிள்ளைகள்தான், ஏனெண்டால் நாங்களும் அப்பிடித்தான் வந்தனாங்கள்.

ரிசல்ட்டைப் பற்றிக் கேக்கிற ஆக்களுக்கு, தமிழுக்கு பி. விஞ்ஞானத்துக்கு ஏ. அந்த பி-யை நான் கடவுள் படத்துக்குப் பக்கத்தில வச்சுக் கும்பிட்டனான்.

கேற் ஐயா, பெற்றோல் இல்லாத நாளில நான் தையல் குடுத்திட்டு வரப் பிந்தினால் மகளைத் தனிய விடாமல் உங்கட கதிரையைக் குடுத்து இருத்தி வச்சிருந்தனீங்கள், ஒரு நாள் ஆறு மணி மட்டும். நான் ஓடி வந்து மன்னிப்புக் கேக்க, "பிள்ளை எனக்கு இங்கிலிஷ் படிப்பிச்சவள் அம்மா" எண்டு சிரிச்சனீங்கள். உங்களுக்கும் கோடி நன்றி.

அந்தக் கொப்பி இப்ப வீட்டில இல்லை. இந்த வருசம் கனடாவில இருந்து தாய் தகப்பனோட திரும்பி வந்த ஒரு சின்னப் பிள்ளை எட்டாம் வகுப்பில சேந்திருக்கிறாளாம், மகள் அதைக் குடுக்கப் போறன் எண்டு என்னட்டக் கேட்டாள். குடுக்க முதல் எல்லாப் பக்கத்தையும் போனில படம் எடுத்து வச்சிட்டன்.

பிள்ளைகளே, திவசத்தண்டைக்கு ஆரோ ஒருத்தி கிணத்தடியில விட்டிட்டுப் போன தண்ணிப் போத்தல், ஊதா மூடி போட்டது, இன்னும் எங்கட குசினி அலுமாரியில இருக்கு. மகள் வகுப்பில கேட்டும் தன்ர எண்டு ஒருத்தியும் சொல்லேல்லயாம். வாற சனிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வீட்ட வாங்கோ, ஒடியல் கூழ் காய்ச்சுறன், மரக்கறிக் கூழும் தனியா இருக்கும். போகேக்க போத்தலின்ர சொந்தக்காரி மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கோ.