ஒரு செட் சாமான், வேலை தெரிந்த ஒரு ஆள்: பத்து காவான் குத்தகையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குத்தகையாளர்களுக்கும் சைட் மேனேஜர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பத்து காவானில் மண் நிரப்பும் சைட்டுகளுக்கு மணல் ஏற்றி வரும் பத்துச் சக்கர லோரிக்காரன் நான். தீபாவளி மழை பிடித்துக்கொண்டால் உங்கள் கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டி அச்சு வரை இறங்கும். எக்ஸ்கவேட்டர் வரும். எங்கிருந்தோ துருப்பிடித்த வயர் ரோப், அதாவது இரும்புக் கம்பிக் கயிறு, ஒன்று வரும். "போட்டு இழு" என்று ஒரு குரல் வரும்.

போன வியாழக்கிழமையும் அப்படித்தான். சக்கரத்துக்கு முன்னால் சேற்றைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். நேரமில்லை என்றார் சூப்பர்வைசர். ரோப்பின் மறுமுனையை ஒரு ஷேக்கிள் (ஆணி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) போட்டு எக்ஸ்கவேட்டர் பக்கெட்டின் பல்லில் மாட்டினார்கள். முதல் இழுவைக்கு வண்டி அசையவில்லை. ஆப்பரேட்டர் ரோப்பைத் தொய்யவிட்டு, பின்னால் போய்ச் சுண்டினார். அந்த நேரம் என் செருப்பு சேற்றில் வழுக்கி கிளட்ச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எடுக்கக் குனிந்தேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் முன் கண்ணாடி இல்லை. ஷேக்கிளின் ஆணி முறிந்து, அதன் வளைவு ரோப்போடு பறந்து வந்து என் சீட்டின் தலைப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது.

ரோப்புக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று பங்களாதேஷ் தம்பி ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் விலகச் சொல்லவில்லை. ரோப்பின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த ஷேக்கிளைத் துடைத்துப் பார்த்தேன். அது தாங்கும் சுமை 4¾ டன் என்று பொறித்திருந்தது. சரக்கோடு என் வண்டி 20 டன்னுக்கு மேல். சக்கரம் புதையும் அளவுக்கு இறங்கிய வண்டியை இழுக்க ஏறக்குறைய அதன் எடை அளவுக்கே இழுவை வேண்டும். மட்காட் வரை போனால் இரண்டு மடங்கு. இது மீட்பு வேலை செய்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பாலபாடம். மண்வெட்டியால் கால் மணி நேரம் சேற்றை வெட்டியிருந்தால் இழுவைச் சுமை நிறையவே குறைந்திருக்கும். அந்தக் கால் மணி நேரம்தான் உங்களிடம் இல்லை. உடைந்த கண்ணாடிக்காக இரண்டு மணி நேரம் வாக்குவாதம் செய்ய நேரம் இருந்தது. கடைசியில் கண்ணாடிக் காசு என் ட்ரிப் காசில்தான் கழிந்தது, அது வேறு கதை.

நான் கேட்பது ஒரு செட் சாமான், வேலை தெரிந்த ஒரு ஆள். சுமைக்கு ஏற்ற இழுவை வாரும் ஷேக்கிளும், ரோப் அறுந்தால் விசையை அடக்க மேலே போடக் கனமான ஒரு சாக்கு, இரண்டு மண்வெட்டி. சேசிஸ் கொக்கியில் மாட்டி, ஆட்களை விலக்கி, சுண்டாமல் மெதுவாக நேர்கோட்டில் இழுக்கத் தெரிந்தவர் ஒருவர். கேட் அருகே இரும்புத் தகடு பரப்பினால் பாதி வண்டிகள் புதையவே புதையாது, ஆனால் அவ்வளவு பேராசை எனக்கு இல்லை.

என் மச்சான் மகன் கனடாவில் டிரெய்லர் ஓட்டுகிறான். பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கனரக வண்டிகள் டயர்ச் சங்கிலியைக் கையோடு எடுத்துச் செல்லாமல் போகக் கூடாதாம். பனியில் சிக்கினால் முதலில் மண்வெட்டி, பிறகுதான் இழுவை வண்டி. பனி வருவதற்கு முன்பே அங்கே ஏற்பாடு ஆகிவிடுகிறது. நமக்குப் பனி இல்லை, மழைதான். அதுவும் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டு வருகிற மழை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் நீங்கள் புதிதாக ஆச்சரியப்படுகிறீர்கள்.

2024 ஜூன் 1 முதல் நம் நாட்டில் நடப்பிலுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தின்படி, முதலாளி பாதுகாப்பைக் கவனிக்காவிட்டால் அபராதம் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை போகும். உடனடி ஆபத்து என்றால் தொழிலாளி விலகி நிற்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நான் விலகி நின்றால் என்ன ஆகும்? மறுநாள் என் ட்ரிப்பை வேறு வண்டிக்குக் கொடுப்பீர்கள்.

கோபத்தில் அதிகம் பேசிவிட்டேன், மன்னிக்கவும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. தயவுசெய்து இந்த மழைக்காலம் முடிவதற்குள், ஒவ்வொரு சைட்டிலும் ஒரு செட் சாமான், வேலை தெரிந்த ஒரு ஆள். அதுவரை வயர் ரோப்பை வெளியே எடுக்காதீர்கள். நாளைக் காலை ஆறரைக்கு உங்கள் கேட்டில் எனக்கு முதல் ட்ரிப். இதை எழுதும்போதே ஜூரு பக்கம் இடி இடிக்கிறது.

இப்படிக்கு,
சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்த ஒரு லோரி ஓட்டுநர்