அந்த விமான நிலையத்தில் இறங்கியவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. காத்மாண்டுவில் இறங்கியதும் நீ அனுப்பிய விமான நிலையப் படத்தைப் பார்த்தேன் கண்ணு. எனக்கு உடனே நேபாளப் பிரதமராக இருந்த பி.பி. கொய்ராலா ஞாபகம்தான் வந்தது. நடிகை மனிஷா கொய்ராலாவின் தாத்தா என்றால் உனக்குச் சட்டென்று புரியும்.

1976 டிசம்பர் 30 அன்று அவரும் அங்கேதான் வந்து இறங்கினார். இறங்கியவுடன் கைது. தூக்குவரை போகக்கூடிய ராஜத்துரோக வழக்குகள் காத்திருப்பது தெரிந்தேதான் வந்தார்.

நேபாள மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பிரதமர் அவர். 1959இல் பதவிக்கு வந்தார். அடுத்த வருஷமே மன்னர் மகேந்திரா ஆட்சியைக் கலைத்துவிட்டார். விசாரணையே இல்லாமல் எட்டு வருஷம், காத்மாண்டு பக்கத்தில் சுந்தரிஜலில் சிறை. அப்புறம் நாட்டை விட்டு இந்தியாவில் வாசம்.

அவர் குடும்பத்துக்கு அது புதிதல்ல. அவருடைய அப்பா கிருஷ்ண பிரசாத், ஓர் ஏழையின் கந்தல் துணியைப் பொட்டலம் கட்டி, அப்போது நாட்டைப் பரம்பரையாக ஆண்ட ராணா வம்சத்துப் பிரதமருக்கு அனுப்பியவர். உங்கள் குடிமக்கள் உடுத்துவதைப் பாருங்கள் என்று அர்த்தம். சொத்தும் போனது, நாடும் போனது. பிள்ளை பனாரஸில் வளர்ந்தார். அந்த அப்பா கடைசியில் ராணாக்களின் சிறையிலேயே இறந்தார். ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு விலையா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

1973இல் மன்னராட்சியை எதிர்த்துப் போராட ஆயுதம் வாங்குவதற்காக, 30 லட்சம் ரூபாயோடு பறந்த விமானத்தை பி.பி.யின் கட்சிக்காரர்கள் பீகாருக்குக் கடத்தினார்கள். அதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1975இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்த பிறகு, நாமும் மன்னரும் இப்படியே மோதிக்கொண்டிருந்தால் நாடே மிஞ்சாது என்று அவருக்குத் தோன்றியது. சமரசம் பேசத்தான் திரும்பினார். பல கட்சி முறை வேண்டுமா, கட்சிகளே இல்லாத மன்னரின் முறை போதுமா என்று 1980இல் மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் பல கட்சி முறை தோற்றது. அவர் பக்கத்து ஆட்களே மோசடி என்றார்கள். இவர் முடிவை ஏற்றுக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

அதற்குள் தொண்டையில் புற்றுநோய். நம் தாத்தாவுக்கு வந்த அதே நோய். கடைசி நாட்களில் குரல் கரகரக்க அவரை ஒரு வார்த்தை பேச வைக்க நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். பி.பி.யோ அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் சொல்லி டேப்பில் பதிய வைத்தார். 1982 ஜூலை 21 அன்று காத்மாண்டுவில் இறந்தார். பல கட்சி ஆட்சி திரும்ப இன்னும் எட்டு வருஷம் ஆனது.

சுந்தரிஜலில் அவரை அடைத்திருந்த இடம் இப்போது அருங்காட்சியகமாம். அங்கே சனிக்கிழமைதானே லீவு? ஏதாவது ஒரு வாரம் நேரம் பார்த்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் பண்ணு.

உன் அப்பா