சார்க் தீவுக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் சார்க் தீவு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். என் மகள் பக்கத்துத் தீவான கெர்ன்சியில் செவிலியராக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் என் கணவரும் சார்க்கிலும் தங்கிவிட்டு வருவோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மோட்டார் சத்தமே இல்லாத தீவு என்று கட்டுரை சொல்கிறது. கார் கிடையாது, உண்மைதான். ஆனால் டிராக்டர் உண்டு. படகில் வந்து இறங்கும் சாமான்கள் டிராக்டரில்தான் மேலே போகின்றன. தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும்கூட டிராக்டர்தான் இழுக்கிறது. துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஏறும் பாதை நல்ல செங்குத்து. மூட்டுவலி உள்ள என் கணவர் டிராக்டர் பின்னால் கோத்த பெஞ்சு வண்டியில்தான் ஏறுவார். இதைச் சொல்லாமல் விட்டால், வயதானவர்கள் நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுவார்கள். சுமார் 5.5 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 500 பேர். எந்த வேலைக்கு எஞ்சின் வேண்டும், எதற்குக் காலும் சைக்கிளும் குதிரை வண்டியும் போதும் என்று தங்களுக்குள் பிரித்து வைத்திருக்கிறார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது, அரை நாளில் பார்த்துவிடலாம் என்று கட்டுரை தரும் யோசனை. கெர்ன்சியின் தலைநகரான செயின்ட் பீட்டர் போர்ட்டிலிருந்து படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதனால் காலையில் வருகிறவர்கள் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே லா கூப்பேக்கு ஓடி, படம் எடுத்துவிட்டு, படகைப் பிடிக்கத் திரும்ப ஓடுகிறார்கள். தீவின் இரண்டு பகுதிகளையும் சேர்க்கும் ஒடுங்கிய நிலம் அது. கிட்டத்தட்ட 80 மீட்டர் உயரம், பாதை 3 மீட்டர் அகலம்தான். 1900இல் கைப்பிடி போடும் முன், பலத்த காற்றடிக்கும் நாட்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதைத் தவழ்ந்தே கடப்பார்களாம். இப்போதுள்ள கான்கிரீட் பாதையை 1945இல் ஜெர்மானியப் போர்க் கைதிகளை வைத்துப் போட்டார்கள். இன்றும் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த நடையை அவசரப்படுத்தலாமா?

கடைசிப் படகு போன பிறகுதான் ஊர் ஊராகிறது. தெருவிளக்கு ஒன்றுகூடக் கிடையாது. உலகின் முதல் இருண்ட வான் தீவு என்று 2011இல் சார்க்கை அங்கீகரித்தார்கள். நிலா இல்லாத இரவில் பால்வெளி தலைக்கு மேல் அப்படியே கிடக்கும். எதிரே வருபவரின் முகம் தெரியாது. முதலில் சைக்கிள் மணி கேட்கும், அப்புறம் ஒரு ‘குட் ஈவினிங்’ வரும். அந்த இருட்டில் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை.

அங்கே குடியிருப்பவர்கள் இதற்குக் கொடுக்கும் விலையையும் எழுதுங்கள். கடல் முரண்டுபிடித்தால் படகு வராது. பெரிய நோய் என்றால் கடல் ஆம்புலன்ஸில் கெர்ன்சி மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். விமான நிலையமும் இல்லை. அப்படி இருந்தும் காரை வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நாம் சைக்கிளை வரிசையாக ஓட்டி, பின்னால் சாமான் ஏற்றி வரும் டிராக்டரை மறிப்பது நியாயமில்லை. நான் அதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இனி சார்க்கைப் பற்றி எழுதும்போது, தங்கும் இடத்தை முன்பே சொல்லி வைக்கவும், கையில் ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளவும், குளிர்காலத்தில் படகு குறைவு என்பதால் திரும்பும் நாளைச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளவும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி