பரணில் கிடக்கும் கட்டிலை இறக்குங்கள்

கூடலூர், லோயர் கேம்ப், கம்பம் பக்கத்து நம்ம ஜனங்களுக்கும், இங்கிருந்து கிளம்பித் திருப்பூர், கோவை, சென்னை, துபாய் என்று போய்விட்ட நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம். இது கோயில் கும்பாபிஷேகத்துக்கான வசூல் இல்லை. அதற்கென்றால் கேட்காமலே தருவீர்கள் என்று தெரியும். எழுந்து நடமாட முடியாமல் போன பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் இரவலாகக் கொடுக்க ஒரு பொது அறை வைக்கப் போகிறோம். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. தேவை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 4 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

குழு சார்பில்தான் எழுதுகிறேன், ஆனால் என் வீட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மலைக்குப் போனவர். விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறினால் கம்பம்மெட்டு தாண்டித் தோட்டம், பொழுது சாயத்தான் வீடு. ஏலக்காய் மணக்கிறது நமக்கு, எடுக்கிறவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். காய் கண்ணுக்கு நேரே தொங்காது, செடியின் அடியில் தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும், பதம் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும், நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோ. அந்த முட்டியை வைத்துக்கொண்டே சித்ரா பௌர்ணமிக்குப் பளியங்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே ஏறுவார். குமுளி போய் ஜீப்பில் போகலாமே என்றால், "அவளே நடந்துதானப்பா வந்தா" என்பார். அப்படிப்பட்டவர் 79 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் எங்களுக்கு எதுவுமே தெரியாது என்பது தெரிந்தது.

தலைமாட்டைத் தூக்கி இறக்குகிற கட்டில் வேண்டும் என்றார்கள். வெளியூர்க் கடை ஒன்றில் முன்பணம் கட்டி மாத வாடகைக்கு எடுத்து வந்தோம். சுற்றுகிற கைப்பிடி மூன்றாம் நாள் கையோடு வந்துவிட்டது. போன் போட்டால் ஆள் வருவார், ஆள் வருவார் என்றே பத்து நாள் ஓடியது, அதுவரை தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சமாளித்தோம். அம்மா சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விடுவார், நாங்கள் அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்போம், அந்த இழுப்பிலேயே முதுகுக்குக் கீழே தோல் உரிந்தது. படுக்கைப்புண் என்றால் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் என்று எலும்பு துருத்துகிற இடத்தில் உடம்பின் கனம் மணிக்கணக்கில் அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அங்கே சதை செத்துப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. யாரும் சொல்லவில்லையா, இல்லை, சொன்னது அந்தப் பரபரப்பில் காதில் ஏறவில்லையா, தெரியவில்லை.

எனக்கு அப்போது 58, மனைவிக்கு 54. பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்று ஊர் சொல்லும், சரிதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கே சர்க்கரையும் முட்டி வலியும் இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்து எழுந்ததில் இரண்டே வாரத்தில் என் முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு தெரிந்த நர்ஸ் ஒருவர் ஒரு வழி காட்டினார்: பழைய நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவிடுங்கள், ஆளைத் தூக்காதீர்கள், வேட்டியை இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து இரண்டு பேருமாக நகர்த்துங்கள். அப்பாவின் வேட்டிதான் அதற்கு உதவியது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மனுசன் இப்பத்தான் வேலைக்கு ஆகுறாரு" என்றார்.

இதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் வண்டன்மேட்டில், சின்னம்மா படுக்கையில் இருந்தார். அங்கே பாலியேட்டிவ், அதாவது தீராத நோயில் படுத்தவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்கிற சேவை, என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஞ்சாயத்திலிருந்து நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுப் போகிறார், கூடவே உள்ளூர்த் தொண்டர்கள் இரண்டு பேர். கட்டில் தேவை என்று காலையில் சொன்னார்கள், மத்தியானம் பிக்கப்பில் வந்து இறங்கியது, இன்னொரு வீட்டில் வேலை முடிந்த கட்டில். இது மேலே இருந்து திடீரென்று வந்த திட்டம் இல்லை. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சிறிய அளவில் ஆரம்பித்தது. பிறகு மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே கடைகளில் உண்டியல் வைத்து, அஞ்சும் பத்துமாகச் சேர்த்து நடத்தினார்கள். 2008-ல்தான் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஊர் முதலில் செய்தது, அரசு பின்னால் வந்தது. அங்கே இருக்கிற தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்களில் பாதிப் பேர் நம்ம ஆட்கள், இறங்கி வந்து படுக்கிறது இங்கே. அதனால் நாங்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் இதைத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு, நாங்கள் கடைசியாகச் சொந்தமாகவே வாங்கிய கட்டிலும் காற்று மெத்தையும் என்ன ஆயிற்று என்கிறீர்கள்? பரணுக்குப் போனது. எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது ஒன்று கிடக்கிறது, கமோடு சேர், வாக்கர், ஒரு வீட்டில் பிரிக்காத டயப்பர் கட்டுகூட. கொடுக்கவும் மனசில்லை, "செத்தவங்க படுத்தது" என்று யாரும் வாங்கவும் மாட்டார்கள். இதைப் பேசாமல் விட்டால் இந்த அறை ஓடாது, அதனால் நேராகவே சொல்கிறேன்: ஆஸ்பத்திரிக் கட்டிலில் நமக்கு முன்னால் யார் படுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டா படுக்கிறோம்? வருகிற ஒவ்வொரு பொருளையும் சோப்பும் ப்ளீச்சிங் கரைசலும் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, கட்டிலுக்குப் புது பெயிண்ட் அடித்துத்தான் அடுத்த வீட்டுக்குத் தருவோம். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது எங்கள் நோட்டில் இருக்கும், வாங்குகிறவருக்குச் சொல்ல மாட்டோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபிக்கும் வருகிறார்கள். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 2007-ஆம் வருஷ மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம், 14567 என்று முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது, இரண்டையும் குறித்து வையுங்கள். ஆனால் சட்டம் வந்து ராத்திரி இரண்டு மணிக்கு ஆளைப் புரட்டிப் படுக்க வைக்காது. நமக்குக் குறைவது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கட்டிலும், அதை எப்படிச் சுற்றுவது என்று சொல்லித்தர ஒரு ஆளும்தான்.

படுத்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தினமும் ஒரு பெரியவரைப் பார்க்கிறோம், சைக்கிளை உருட்டிக்கொண்டே டீக்கடைக்கு வருவார், உருட்டிக்கொண்டே போவார். ஏறி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அது அவருடைய வாக்கர். கம்பு ஊன்றினால் கிழவனாகிவிட்டான் என்பார்களாம், சைக்கிள் என்றால் கௌரவம்! அவருக்கு வாக்கர் கொடுத்தால் வாங்குவாரா என்று எங்களுக்கே சந்தேகம்தான், இருந்தாலும் ஒன்று தனியாக எடுத்து வைத்திருப்போம். அப்புறம் வாசற்படி. நம்ம பக்கம் வீடெல்லாம் உயரமாகத்தானே கட்டுகிறோம். ஒரு அடி உயரத்துக்குச் சக்கர நாற்காலி பயமில்லாமல் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். அவ்வளவு இடம் எந்தத் தெருவில் இருக்கிறது? அதனால் பக்கத்தில் ஆள் பிடித்துக்கொண்டு ஏற்றுகிற மாதிரி மடக்கும் இரும்புப் பலகை இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு பிளாஸ்டிக் சேரோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

பணக் கணக்குக்கு வருகிறேன். கட்டில் ஐந்து, தலா 16,000. காற்று மெத்தை பத்து, தலா 3,500. சக்கர நாற்காலி ஆறுக்கு 42,000, கமோடு சேர் எட்டுக்கு 28,000, வாக்கர் பத்துக்கு 12,000. பெரிய செலவு ஆக்சிஜன் செறிவூட்டிதான், இரண்டுக்கு 90,000, அதை டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் தர மாட்டோம், ஓடுகிற அறையில் சாமி விளக்கு உட்பட நெருப்பு எதுவும் கூடாது என்று எழுதி ஒட்டித்தான் அனுப்புவோம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் 25,000. கரண்ட் போனால் காற்று மெத்தையின் மோட்டார் நின்றுவிடும், எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி அது சப்பையாகி, அம்மா வெறும் பலகையில் கிடந்ததைக் காலையில்தான் பார்த்தோம். இரும்புப் பலகைக்கு 9,000. ஒரு வருஷத்துக்கு அறை வாடகை 24,000, வாரம் இரண்டு மத்தியானம் வீடு வீடாகப் போய்வர ஒப்புக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸுக்குப் போக்குவரத்துச் செலவு 36,000 (சம்பளம் வேண்டாம் என்கிறார், நாங்கள் ஒரு வருஷம் கழித்து மறுபடி கேட்போம்). மீதி 19,000 ரிப்பேருக்கு. கைப்பிடி உடைந்தால் பத்து நாள் காத்திருக்க வைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தத் தொகையை வேறு எதற்கும் தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

இதுவரை 61 பேர் தந்தது 87,500. இன்னும் 3,12,500 வேண்டும். 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வருமான வரிச் சலுகை இப்போதைக்குக் கிடையாது, பதிவு வேலை நடக்கிறது, முடிந்தால் சொல்கிறோம். மாதக் கடைசியில் வரவு செலவும் எந்தப் பொருள் வெளியே போயிருக்கிறது என்பதும் அறை வாசலில் எழுதித் தொங்கும். நாற்காலி முதுகில் உபயதாரர் பெயர் எழுதலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பேர் எழுதுகிற ஊர் நம்ம ஊர், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்சி, சாதி எதுவும் பார்த்துக் கொடுக்க மாட்டோம். யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்கு, அதிலும் தனியாக இருக்கிற பெரியவர் என்றால் அவருக்கு முன்னுரிமை.

நம்ம பக்கத்தில் செய்முறை நோட்டு இல்லாத வீடு இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்தோம், எவ்வளவு திரும்பி வந்தது என்று பைசா சுத்தமாக எழுதி வைத்திருப்போம். இந்தப் பணம் அந்த மாதிரித் திரும்பி வராது. ஆனால் உங்கள் அப்பா விழுந்த அன்றைக்கு, நீங்கள் டிக்கெட் போட்டு வந்து சேர்வதற்குள், வீட்டில் கட்டில் போட்டு மெத்தைக்குக் காற்று ஏற்றி வைத்திருப்போம்.

பணம் முடியாதவர்கள் நேரம் கொடுங்கள். கட்டில் ஏற்றி இறக்க நாலு இளவட்டம் வேண்டும், இரவு ஒரு தடவை வந்து புரட்டிப் போட உதவினால் அந்த வீட்டுப் பெண்கள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவார்கள். வங்கிக் கணக்கு விவரம் ரசீதின் பின்புறம் இருக்கிறது. நேரில் தருவதானால் சாயங்காலம் ஆறுக்கு மேல் அறைக்கு வாருங்கள், யாராவது ஒருவர் இருப்போம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேலை. போகியன்று பரணைச் சுத்தம் செய்வீர்கள் அல்லவா, அங்கே கிடப்பதை எரிக்கவும் வேண்டாம், பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள், மறுநாள் காலை பிக்கப் வரும். வாக்கரின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறோம்.