பூகம்பமும் பாவக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடரில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம்கூட ‘எல்லாம் முன்வினைப் பயன்’ என்கிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. 1934 ஜனவரியில் பீகார் பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அப்போது தமிழகச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று எங்கள் திருநெல்வேலியில்தான் பேசினார். தீண்டாமையைக் கண்டித்த தாகூரே இதை ஏற்கவில்லை. இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும் என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பை ஹரிஜன் இதழில் வெளியிட்டு, காந்தி பதிலும் சொன்னார். அது பெரிய மனசு, சரி. ஆனால் என் மனம் தாகூர் பக்கமே நிற்கிறது. தண்டனை என்றால், இடிபாடுகளில் சிக்கிய குழந்தைகளும், தீண்டாமையால் ஏற்கெனவே வதைபட்டவர்களும் என்ன பாவம் செய்தார்கள்?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை